லோம்பேயின் பெயரில் வந்த சீசா

லுசாக்கா
13 மே 1993

அன்புள்ள அஸ்ட்ரிடா,

நல விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் கையில் நீ கொடுத்தனுப்பிய பெட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. உங்கள் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று சீசா. இரண்டு வழக்கமான சமாச்சாரம். மூன்றாவது ஒரு பழைய ஜாம் பாட்டில். ஃபார்மலினுக்குள் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு நெறிக்கட்டி. லேபிளில் உன் கையெழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதுவாயே, அதே எழுத்து. 'லோம்பே முபங்கா. கழுத்து, இடது பக்கம்.'

அஸ்ட்ரிடா, உன் அக்கா லோம்பேயை மார்ச் மாதம் புதைத்துவிட்டோம் என்று நீதானே எழுதினாய்?

அதை நானே கத்தி வைத்து இரண்டாகப் பிளந்தேன். நடுவில் ஃபார்மலின் ஏறாத இடம் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. வெட்டி எடுத்து நான்கு நாளைக்கு மேல் ஆகியிருக்காது. எட்டு வாரம் மண்ணுக்குள் இருக்கிற ஒருத்தியின் கழுத்திலிருந்து இப்படி ஒரு சதை வராது. இருபது வருஷமாகச் சதையோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த லேபிளைப் படித்ததும் சீசாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் கிளார்க் பெயரையும் ஊரையும் பார்த்தார், ஜனவரியில் லோம்பேக்குக் கொடுத்த பழைய எண்ணையே இதற்கும் போட்டுவிட்டார். 'முன்பே பார்த்த நோயாளி. டிபி. மருந்தைத் தொடரவும்' என்று ரிப்போர்ட் டைப் ஆகித் தபாலிலும் போய்விட்டது. எனக்கு இன்று காலைதான் தெரிந்தது.

இது யாருடைய கழுத்து?

போனிஃபேஸ் ஜெரே


மிஷன் ஆஸ்பத்திரி
24 மே 1993

ஏய் எலி தின்னி,

சீசாவைப் பாத்து பயந்து கீழ வச்சியாமே? பஸ் டிரைவர்கிட்ட சொல்லி இங்க ஆஸ்பத்திரி பூரா சிரிக்க வச்சிட்டேன். ங்கோனி வீரனாம், ஈட்டி புடிச்ச பரம்பரையாம், ஜாம் பாட்டிலுக்கு நடுங்குறான்.

சிரிச்சாச்சு. இப்ப என் கோவத்தையும் கேட்டுக்கோ. உங்க ங்கோனி ஜனம் எலி தின்னி, எங்க பெம்பா ஜனம் குரங்கு தின்னின்னு காலங்காலமா ஒருத்தர ஒருத்தர் கேலி பண்ற முறை. சாவு வீட்டுல கூட விடக்கூடாது. லோம்பே பெட்டி மேல ஏறி உக்காந்து, "குரங்கு தின்னி, எந்திரி, இன்னும் சமையல் முடியல"ன்னு சொல்லி எங்கள அழ விடாம பண்ண வேண்டியவன் நீ. வரல. கேலி பண்ண ஆள் இல்லாம, அவள சும்மா அழுதே புதைச்சோம். குழி மூடுன சத்தம் இன்னும் காதுல இருக்கு. உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன்.

யாரோட கழுத்துன்னு கேட்டே. என் பொண்ணோடது. பன்னெண்டு வயசு. லோம்பேன்னு எழுதினது தப்பில்ல, அவ பேரு இப்ப அதுதான்.

இத்தன வருஷமா எங்களோட பழகியும் இது தெரியாதா உனக்கு? எங்கள்ல ஒருத்தி செத்தா அவ பேர நடுத்தெருவுல நிக்க விட மாட்டோம். ரத்த சொந்தத்துல ஒருத்தர் ஏத்துக்கணும். ஏப்ரல் முதல் வாரம் கபாம்பா மாமா, அதான் எங்க தாய்மாமன், லோம்பேயோட பாசிமணிய என் பொண்ணு இடுப்புல கட்டினாரு. நெத்தியில வெள்ள மாவு. பெரியவங்க எல்லாம் தரையில உக்காந்து கை தட்டி, "வந்துட்டியா லோம்பே, வா"ன்னு வணக்கம் சொன்னாங்க. அன்னைலேர்ந்து அவதான் லோம்பே. அக்காவோட கடைசிப் பையன் கபாசோ, அஞ்சு வயசு, இவ மடியில ஏறி உக்காந்து "மாயோ, பசிக்குது"ங்கிறான். பெத்தவளக் கூப்பிடற மாதிரியே. பாக்க சங்கடமாவும் இருக்கும், நல்லாவும் இருக்கும்.

பாசி கட்டி மூணாவது வாரம் கழுத்துல நெறி கட்டுச்சு. இடது பக்கம். அக்காவுக்கு வந்த அதே இடம்.

நானே ஊசி போட்டு உறிஞ்சி ஸ்லைடு போட்டேன். சிவப்புச் சாயம், சூடு, ஆசிட், நீலச் சாயம், எல்லாம் முறைப்படி. மைக்ராஸ்கோப்புல பாத்தேன். நீலத்துக்கு நடுவுல சிவப்புக் குச்சி மாதிரி கிருமி, நல்லா ரெண்டு ரெண்டா படுத்துக் கெடந்துச்சு. டிபிதான். டாக்டர்தான் சதையும் அனுப்புன்னாரு, அனுப்பினேன். எய்ட்ஸ் இருக்கான்னு பாக்கற அந்த இன்னொரு ரத்தச் சோதனை அவளுக்கு இல்லன்னு வந்துடுச்சு, சாமி புண்ணியம்.

உன் ரிப்போர்ட் வந்துச்சு, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. கிளார்க்க திட்டாத. அவர் சொன்னது சரிதான்.

அஸ்ட்ரிடா


லுசாக்கா
2 ஜூன் 1993

அன்புள்ள அஸ்ட்ரிடா,

சாவுக்கு வராததற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏழு சவப்பெட்டி தூக்கினேன். அதில் ஒன்று என் தம்பியுடையது. கடைசியாக ஒரு பெட்டி மேல் ஏறிக் கேலி பேச வாயைத் திறந்தபோது சத்தமே வரவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள், நான் இறங்கி வந்துவிட்டேன். லோம்பேக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயந்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

சிவப்புக் குச்சியை நீயே கண்ணால் பார்த்துவிட்டாய் என்றால் சந்தேகமில்லை. நம் வகுப்பில் உன்னை மாதிரி ஸ்லைடு படிக்க ஆள் கிடையாது. அதனால் அந்தச் சதையை மெழுகுக் கட்டியாக்கி வரிசையில் வைத்துவிட்டேன். இங்கே முந்நூறு கட்டி காத்துக் கிடக்கிறது, கத்தி மழுங்கிவிட்டது, தெரிந்த நோயை மறுபடி வெட்டிப் பார்க்க முறை வராது.

ஒன்று மட்டும் செய். பிள்ளையின் சொந்தப் பெயரை எழுதி அனுப்பு. ரிஜிஸ்டரில் தனியாக ஒரு எண் போட்டுவிடுகிறேன். செத்தவளும் இருக்கிறவளும் ஒரே வரியில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

போனிஃபேஸ்


மிஷன் ஆஸ்பத்திரி
25 ஜூலை 1993

போனிஃபேஸ்,

இன்னைக்கு கேலி இல்ல. எனக்கு பயமா இருக்கு.

ரெண்டு மாசம் மாத்திரை முழுங்கியாச்சு. ஒரு வேளை தப்பல, நானே நாக்கத் தூக்கிப் பாத்து உள்ள போயிடுச்சான்னு பாக்கறேன். கட்டி சுருங்கல, பெருசாகுது. எலுமிச்சம்பழ அளவு வந்துடுச்சு. அக்குள்ல இன்னொண்ணு. தொட்டா வலிக்கலங்கிறா. உடம்பு பூரா அரிப்பு, வேர்வையில பாய் நனைஞ்சு போகுது. ஆளு குச்சியாயிட்டா. நாலு வாய் கஞ்சி, அவ்வளவுதான் சாப்பாடு.

நேத்து திரும்பவும் ஊசி போட்டேன். புது ஸ்லைடு பெட்டி வந்திருந்துச்சு, அதுல தடவி, ஒரு மணி நேரம் பாத்தேன். ஒரு குச்சி கூட இல்ல. எங்க போச்சு? மாத்திரை கொன்னுச்சுன்னா கட்டி ஏன் வளருது? கட்டி வளருதுன்னா அதுங்க எங்க?

இத யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்ட சொல்றேன். போன ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கெளம்பறப்ப அவ என்ன ஒரு மாதிரியா பாத்து, "என் பச்சை சித்தேங்கே எங்க?"ன்னு கேட்டா. அந்தப் பச்சைத் துணி என் பொண்ணோடது இல்லடா. அது லோம்பேயோடது. அதத்தான் அவ உடம்புல சுத்திப் பெட்டிக்குள்ள வச்சோம். அறைக்குள்ள நானும் ரெண்டு பொம்பளைங்களும்தான். பிள்ளைங்கள யாரையும் விடல. யாரோ பேசுறத கேட்டிருப்பான்னு நூறு தடவ எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அவ கேட்ட குரல நீ கேக்கல.

கபாம்பா மாமா கழுத்தத் தடவிப் பாத்துட்டு, "லோம்பே இன்னும் சாப்பிட்டு முடிக்கல"ன்னாரு, பிள்ளைய அவதான் தின்னுக்கிட்டு இருக்காங்கிற மாதிரி. அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு.

பேர கேட்டிருந்தே. பாசி கட்டறப்ப பழைய பேர பெட்டியோட புதைச்சதா அர்த்தம், எங்க வீட்டுல அத வாயில எடுக்கறதில்ல. கேக்காத.

அந்தச் சதைய பாரேன், போனிஃபேஸ். தயவு பண்ணு.

அஸ்ட்ரிடா


லுசாக்கா
5 ஆகஸ்ட் 1993

அஸ்ட்ரிடா,

இதை டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. உட்கார்ந்து படி.

அலமாரியிலிருந்து இரண்டு மெழுகுக் கட்டியையும் எடுத்தேன். ஜனவரியில் வந்த உன் அக்காவுடையது, மே மாதம் வந்த உன் மகளுடையது. ஒரே எண், ஒரே பெயர், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் நானே மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்தேன்.

லோம்பேயுடையது பாடப் புத்தகம் மாதிரி டிபி. நடுவில் கெட்டித் தயிர் மாதிரி நைந்து போயிருக்கிறது, சிவப்புக் குச்சி எண்ண முடியாத அளவு.

உன் மகளுடையதில் நைந்த இடம் கிடையாது. ஒரு குச்சி கிடையாது, மூன்று சீவலில் மூன்று மணி நேரம் தேடினேன். ஆனால் வேறொன்று இருக்கிறது. சின்னச் சின்னச் செல்களுக்கு நடுவே அங்கங்கே ஒரு பெரிய செல். அதற்குள் இரண்டு கரு, ஜோடியாக, ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு பொட்டு. ஆந்தைக் கண் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? உங்கள் ஊரில் ஆந்தை பெயரைச் சொன்னாலே கதவைச் சாத்துவீர்கள், தெரியும். மன்னித்துக்கொள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ என்னையே முறைத்துப் பார்ப்பது போல இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் மறுபடி பார்த்தேன்.

எங்கள் பெரிய டாக்டரம்மாவிடமும் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிபி இல்லை. நெறிக்கட்டியில் வரும் புற்றுநோய், ஹாட்ஜ்கின். எக்காலத்திலும் டிபியாக இருந்ததில்லை.

கேள், அழாதே. புற்றுநோயிலேயே பிழைக்க வைக்கக்கூடியது இது. ஊசி மருந்து இங்கே இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் நேரத்தோடு வந்தால் பாதிக்கு மேல் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் நாம் கிட்டத்தட்ட மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டோம். நாம் என்றுதான் சொல்கிறேன், மே மாதமே நான் வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். 'தெரிந்த நோய்' என்று எழுதின கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

குழந்தைகள் வார்டில் இருபத்துமூன்றாம் தேதி வரை ஒரு கட்டில் பிடித்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் முடியாது.

எனக்கு ஒன்று புரியவே இல்லை. ஏப்ரலில் நீ பார்த்தது என்ன? உனக்குக் கண் பிசகாது. எந்த ஸ்லைடில் தடவினாய்?

போனிஃபேஸ்


மிஷன் ஆஸ்பத்திரி
10 ஆகஸ்ட் 1993

போனிஃபேஸ்,

மூணு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். இது நாலாவது.

டிபி வந்த ஸ்லைட கழுவி மறுபடி உபயோகிக்கக் கூடாது, உடைச்சு எரிக்கணும். முதல் வாரத்துலயே நம்ம மண்டையில குட்டிச் சொல்லிக் குடுத்தது. எல்லாரோடதையும் உடைச்சிருக்கேன். ஜனவரியில நான் போட்ட லோம்பேயோட ஸ்லைட மட்டும் உடைக்கல. எடுத்துக் கல்லு மேல வச்சேன், சுத்தியலும் கையில இருந்துச்சு. அவ உடம்புலேர்ந்து வந்ததுல வெளிய மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்னு தோணிச்சு. காகிதத்துல சுத்தி டிராயர்ல வச்சிட்டேன்.

ஏப்ரல்ல பிள்ளைக்குக் கட்டி வந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு ஸ்லைடு கெடையாது. கழுவி வச்சதெல்லாம் கீறல் விழுந்து மங்கிப் போயிருந்துச்சு. டிராயர்ல இருந்த அதுதான் தெளிவா இருந்துச்சு. சோப்புத் தண்ணியில கொதிக்க வச்சேன், ஸ்பிரிட்ல தேய்ச்சேன், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், பளிச்சுன்னு இருந்துச்சு. போயிடுச்சு, சுத்தம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அது மேலயே என் பொண்ணு கழுத்துத் தண்ணியத் தடவினேன்.

குச்சி போகல. கண்ணாடியிலயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் அன்னைக்கு மைக்ராஸ்கோப்புல பாத்தது என் மகள இல்ல, போனிஃபேஸ். எங்க அக்காவ.

இன்னும் கேளு. அந்தக் குச்சியப் பாத்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. பெத்தவளுக்கு வரக்கூடாத சந்தோஷம். லோம்பேதான் திரும்பி வந்திருக்கா, அதே நோயோட வந்திருக்கா, போன தடவ விட்டுட்டோம், இந்தத் தடவ காப்பாத்திடுவேன்னு நெனச்சேன். மூணு மாசமா நான் மாத்திரை குடுத்தது யாருக்குன்னு இப்ப யோசிக்கிறேன். பிள்ளைக்குத் தல வாரிவிடறப்ப அக்காகிட்ட பேசற மாதிரி பழங்கதையெல்லாம் பேசியிருக்கேன். பச்சைத் துணியப் பத்தியும் நானேதான் பேசியிருப்பேனோ என்னவோ. சத்தியமா நினைவில்ல.

கூட்டிட்டு வரேன். படிவத்துல லோம்பேன்னே இருக்கட்டும். அந்தப் பழைய பேரு என் வாயில வந்துட்டா அக்கா போயிடுவா. அது மட்டும் என்னால முடியாது.

அஸ்ட்ரிடா


லுசாக்கா
14 ஆகஸ்ட் 1993

அஸ்ட்ரிடா,

டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று வார்டுக்கும் மருந்தறைக்கும் நானே நடந்தேன். லோம்பே முபங்கா என்ற பெயருக்கு எதிரில் 'மார்ச்சில் இறந்தார்' என்று எழுதியிருக்கிறது. உன் மிஷன் ஆஸ்பத்திரி அனுப்பிய தகவல்தான் அது. மருந்தறைக்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார், "சார், செத்தவங்களுக்கு ஊசி மருந்து எழுத முடியாது." நான் கெஞ்சினேன். அவர் மேல் தப்பில்லை.

லோம்பே போய்விட்டாள், அஸ்ட்ரிடா. அதை மார்ச்சில் உன் வீட்டுக்கு வந்து, பெட்டி மேல் ஏறி, எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதற்குத்தான் எங்களை வைத்திருக்கிறீர்கள். செய்யவில்லை. இப்போது சொல்கிறேன்: அடி குரங்கு தின்னி, உன் அக்கா செத்துவிட்டாள், உன் மகள் சாகவில்லை.

வெற்றுப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். பெயர் எழுதி, பிள்ளையைப் பஸ் ஏற்று.

போனிஃபேஸ்


மிஷன் ஆஸ்பத்திரி
19 ஆகஸ்ட் 1993

எலி தின்னி,

இந்தக் கடுதாசியக் கொண்டு வந்து உன் கையில குடுக்கறவதான் உன் நோயாளி. கூட கபாம்பா மாமா வராரு. எனக்கு இங்க மாத்து ஆள் வரல, சனிக்கிழமை பஸ்ஸுக்கு வந்துடுவேன். மாமாவுக்கு டீயில சக்கரை தூக்கலா வேணும், மறந்துடாத.

உன் கடுதாசியப் படிச்சுட்டு பல்லக் கடிச்சேன். அப்புறம் நேரா மாமாகிட்ட போனேன். பேர எறக்கி வைக்க முடியுமான்னு கேட்டேன். கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. "சின்ன இடுப்புல கட்டுனது என் தப்பு. எறக்கலாம். ஆனா தரையில வைக்க முடியாது, யாராவது வாங்கிக்கணும்"னாரு. நான் வாங்கிக்கறேன்னு சொன்னேன். நேத்து சாயங்காலம் எல்லாரும் உக்காந்திருக்க, பிள்ளை இடுப்புலேர்ந்து பாசிய அவுத்து என் இடுப்புல கட்டினாங்க. எனக்கு மாவு வச்சு, கை தட்டி வணக்கம் சொன்னாங்க. கபாசோ குழம்பிப் போயி என்னையும் அவளையும் மாறி மாறிப் பாத்தான். கடைசியில தூக்கம் வந்ததும் என் மடியிலதான் ஏறிப் படுத்தான்.

அப்புறம் அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். அடுப்பு பக்கத்துல முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தா. கூப்பிட்டேன், திரும்பல. ரெண்டாவது தடவையும் திரும்பல. மூணாவது தடவ கூப்பிட்டப்ப தலைய மட்டும் லேசா சாய்ச்சு, "யாரக் கூப்பிடறே?"ன்னா.  பச்சைத் துணி கேட்டப்ப வந்த அதே குரல்ல கேட்டாடா.

ஓடிப் போயி முன்னால உக்காந்து, மூஞ்சிய ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு, "உன்னத்தான், மலாமா. உன்னத்தான்டி"ன்னேன்.

என்னப் பாத்தா. அப்புறம் உதடு கோணி, சின்னப் பிள்ளையில விழுந்து எந்திரிச்சா அழுவாளே, அப்படி அழுதா. "மலாமாவத்தான் புதைச்சிட்டீங்களேம்மா. எல்லாரும் கை தட்டுனீங்க. யாருமே அழல"ன்னா.

நான் பெத்த பிள்ளை, போனிஃபேஸ். நாலு மாசமா என் வீட்டுக்குள்ளயே செத்துப் போனவளா உக்காந்திருந்திருக்கா. நான் அவளுக்குத் தல வாரி விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

நல்லா பாத்துக்கோ. ஊசிக்கு பயப்படுவா, வெளிய காட்டிக்க மாட்டா. பேரு சொல்லிக் கூப்பிடு, எதுக்கெடுத்தாலும் கூப்பிடு. வார்டுல எல்லாரையும் கூப்பிடச் சொல்லு.

படிவம் உள்ள இருக்கு. பேர நான் எழுதல, அவளே எழுதினா. பென்சில அழுத்தி எழுதி ஒரு எடத்துல காகிதம் கிழிஞ்சிருக்கு. உங்க கிளார்க் அதச் சாக்கு வச்சுத் திருப்பி அனுப்பாம பாத்துக்கோ.

இப்படிக்கு,
லோம்பே